புதியவர்களுக்கு டேபிள்டாப் ஆர்பிஜி நடத்துவது: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் டேபிள்டாப் ஆர்பிஜியை, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டத்தை, நடத்தும்போதெல்லாம், முடிந்ததும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "இதை எங்க பசங்களோட நான் நடத்தலாமா?" என்று கேட்பார். தாராளமாக நடத்தலாம். அப்புறம் அவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருமுறைகூட ஆடாதவர்கள் மேலிருந்து படியுங்கள். ஏற்கெனவே நடத்திப் பார்த்தவர்கள் பாதிக்குக் கீழே நேராகப் போகலாம்.

அண்ணா, போர்டும் இல்ல, காயும் இல்ல, சீட்டும் இல்ல. அப்போ இதுல என்னதான் விளையாடறது?

பேசித்தான் விளையாடுகிறோம். ஒருவர் சூழ்நிலையைச் சொல்வார்: "ஒகேனக்கல்லில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. பரிசல் ஓட்டத் தடை போட்டுவிட்டார்கள். அக்கரையில், கர்நாடகப் பக்கம், உங்கள் தம்பி மாட்டிக்கொண்டிருக்கிறான். கரையில் ஒரு பரிசலைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. என்ன செய்வீர்கள்?" மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் பரிசலைத் தூக்கப் போவார். இன்னொருவர் பரிசல்காரரைத் தேடிப் போய்க் கெஞ்சுவார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவோம். அதில் விழுவதை வைத்துக் கதை அடுத்த கட்டத்துக்குப் போகும்.

இந்த வகை ஆட்டம் அச்சில் விற்பனைக்கு வந்தது 1974இல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் (சுருக்கமாக டி அண்ட் டி) முதல் ஆட்டம். அதற்குப் பிறகு துப்பறியும் கதை, பேய்க்கதை, விண்வெளிக் கதை என்று எல்லா வகையிலும் ஆட்டங்கள் வந்துவிட்டன.

இதுல ஜெயிக்கிறது யாரு?

ஜெயிப்பதும் தோற்பதும் கதாபாத்திரங்களுக்குத்தான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. நடத்துபவரும் அதே கட்சி.

கேம் மாஸ்டர்னா நடுவரா, இல்ல கதை சொல்றவரா?

ஆட்டத்தை நடத்துபவரைத்தான் கேம் மாஸ்டர் என்பார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். நம் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கட்டியங்காரன் செய்யும் வேலைதான் இது. வேஷம் கட்டி வருபவரை "நீங்க யாரு, எங்க வந்தீங்க?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைப்பான். காவலாளி வேண்டுமென்றால் காவலாளியாக நிற்பான், தூதுவன் வேண்டுமென்றால் தூது போவான். சபையில் சத்தம் குறைந்தால் ஒரு வார்த்தை சொல்லிக் கிளப்பிவிடுவான். ஆனால் அன்றைய கூத்து அவனைப் பற்றியது இல்லை.

ஒரே ஒரு வித்தியாசம். துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது கூத்து பார்க்க வரும் குழந்தைக்கும் தெரியும். இங்கே முடிவு நடத்துபவருக்கே தெரியாது, தெரியவும் கூடாது. புதிதாக வந்த ஒருவர் வாய் திறந்து ஒன்றைச் சொன்னதால் கதை வேறு பக்கம் திரும்புவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அது முதல் கால் மணி நேரத்திலேயே நடந்துவிட்டால் அவர் அடுத்த வாரமும் வருவார். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

எத்தனை பேர் வேணும்? எவ்வளவு நேரம் ஆகும்?

நடத்துபவரைத் தவிர மூன்று அல்லது நான்கு பேர். ஐந்து பேரைச் சமாளிக்கலாம். ஆறாவது ஆள் வந்தால் ஒவ்வொருவரும் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் அதிகமாகி, கை தானாகப் போனுக்குப் போய்விடும். இரண்டரை மணி நேரத்தில் முடியும் கதையாகப் பாருங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் இருந்தால் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிக்க வேண்டும். பென்னாகரத்துக்கும் அரூருக்கும் திரும்ப வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எந்த ராட்சசன் வந்தாலும் பயப்பட மாட்டார்கள்.

புக்கு, டைஸ் எல்லாம் வாங்கணுமா? ஆயிரக்கணக்குல செலவு ஆகும்னு சொல்றாங்களே.

ஆக வேண்டியதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. பிடிஎஃப் இலவசம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை மாற்றலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், பிரிண்ட் எடுத்து நான்கு பேருக்குக் கொடுக்கலாம். ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் ஆட்டங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜான் ஹார்ப்பர் எழுதிய லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் அப்படி ஒன்று. விண்கலக் கதை. சாதாரண ஆறு பக்கப் பகடை போதும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 4, 6, 8, 10, 12, 20 பக்கப் பகடைகள் வேண்டும். இங்கே கடையில் தேடி அலைய வேண்டாம். போனில் பகடை உருட்டும் செயலிகள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் முதல் ஆட்டத்துக்குக் கையில் உருளும் பகடைதான் நல்லது என்பேன். உருட்டும் முன் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்த நொடி போன் திரையில் வருவதில்லை. லூடோவுக்கு வைத்திருக்கும் ஆறு பக்கப் பகடை இரண்டு இருந்தால் போதும், அதை வைத்து ஆடும் முறையைக் கீழே சொல்கிறேன்.

தாயக்கட்டைய வெச்சு ஆடலாமா?

ஆடலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி அது. தாயக்கட்டை ஒன்றில் வெறுமை, 1, 2, 3 என்று நான்கு முகங்கள். இரண்டு கட்டையை உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் 3 நான்கு விதமாக விழும். 2 மூன்று விதம், 4 மூன்று விதம். தாயம் (அதாவது 1) இரண்டு விதம், 5 இரண்டு விதம். 6 ஒரே விதம், இரண்டும் வெறுமையாக விழும் 12ம் ஒரே விதம்.

இதை வைத்து ஒரு விதி செய்துகொள்ளலாம். தாயத்தில் மறுபடி உருட்டக் கிடைக்கும் 1, 5, 6, 12 விழுந்தால் நினைத்தது அப்படியே நடக்கும். 2 அல்லது 4 விழுந்தால் நடக்கும், ஆனால் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும். 3 விழுந்தால் சிக்கல் பெரிதாகும். கணக்குப் பார்த்தால் முழு வெற்றி 16இல் 6, பாதி வெற்றி 16இல் 6, சிக்கல் 16இல் 4. புதியவர்களுக்குச் சாதகமான, அதே சமயம் பயமும் மிச்சம் இருக்கும் கணக்கு. அந்த வேலையில் கதாபாத்திரம் கெட்டிக்காரர் என்றால், 3 விழும்போது ஒருமுறை மட்டும் திரும்ப உருட்ட விடுங்கள். வீட்டில் தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு எந்த எண் நல்ல எண் என்று சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். 12 விழுந்ததும் அவர்களே கத்துவார்கள்.

எல்லாரும் டி அண்ட் டி தான் சொல்றாங்க. அதுலயே ஆரம்பிக்கலாமா?

ஏற்கெனவே அதைப் பற்றி வீடியோ பார்த்து ஆசையோடு வந்திருப்பவர்கள் என்றால் அதிலேயே ஆரம்பியுங்கள், அந்த ஆசையை வீணாக்க வேண்டாம். ஆனால் தயார் செய்த கதாபாத்திரத் தாளை நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அந்த ஆட்டத்தில் கதாபாத்திரம் உருவாக்கவே புதியவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

ஒன்றுமே தெரியாமல் வருபவர்களுக்கு நான் சொல்வது வேறு. இரண்டு ஆறு பக்கப் பகடையை உருட்டிக் கூட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி. 7 முதல் 9 என்றால் வெற்றி, ஆனால் விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிலைமை மோசமாகும். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆட்டத்திலிருந்து பரவிய முறை இது. ஒன்றும் கூட்டாமல் உருட்டினால் முழு வெற்றி 36க்கு 6, சிக்கல் 36க்கு 15. கதாபாத்திரத்துக்குக் கைவந்த வேலை என்று 2 கூட்டிக்கொண்டால் அப்படியே தலைகீழாகி, முழு வெற்றி 15, சிக்கல் 6 ஆகிவிடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உருட்டும் 20 பக்கப் பகடையில் 2 கூட்டினால் வாய்ப்பு 10 சதவீதம்தான் கூடும். தன் கதாபாத்திரம் எதில் கெட்டி என்பதைப் புதியவர் உடனே உணர்வது இரண்டு பகடை முறையில்தான்.

கதாபாத்திரத்துக்கு மூன்று வரி போதும். பெயர். கைவந்த வேலை ஒன்று (2 கூட்டலாம்), ஓரளவு தெரிந்த வேலை ஒன்று (1 கூட்டலாம்). எதை விட்டுக்கொடுக்கவே மாட்டார் என்பது ஒன்று. மூன்றாவது வரியைத் தவிர்த்துவிடாதீர்கள், கதையே அங்கிருந்துதான் கிளம்பும்.

ரூல்ஸ் முழுசா படிக்காம நடத்த முடியுமா?

முடியும். உருட்டினால் என்ன ஆகும், அடிபட்டால் என்ன ஆகும் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். ஆட்டத்தின் நடுவே தெரியாத விதி வந்தால் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். "இன்னைக்கு இப்படி வெச்சுக்கலாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்" என்று முடிவு சொல்லிவிட்டு நகருங்கள். பிறகு உண்மையிலேயே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு எல்ஃப், டிராகன் எல்லாம் வராது சார். கதை எங்கிருந்து எடுக்கறது?

உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே எடுக்கலாம். தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவையார் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். அந்தத் தூதுக் குழுவில் உடன் போகும் நான்கு பேர் என்று வைத்தாலே ஒரு இரவுக்கான கதை. 1792இல் இந்தப் பகுதி அடங்கிய பாரமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் அப்போது காவலில் நின்றவர்களுக்கு அடுத்து என்ன வேலை, யாரிடம் சம்பளம்? மல்லசந்திரத்தில் மலை மேல் வரிசையாக நிற்கும் கல்திட்டைகளுக்கு (பழங்கால ஈமச் சின்னங்கள்) நடுவில் ஒருநாள் இரவு தங்க வேண்டியவர்கள் யார், ஏன் என்று கேட்டால் பேய்க்கதை கிடைத்துவிடும்.

நான் அடிக்கடி நடத்தும் கதையையே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நேரிலேயே பார்க்கலாம். ஆநிரை கவர்ந்து போனவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரர்களுக்கு நட்டவை பல. கதை இதுதான்: ஆநிரை மீட்கப் போன வீரன் ஒருவன் இறந்துவிட்டான் என்று அவன் தோழன் வந்து சொல்கிறான். நாளை நடுகல். இன்று இரவு ஊர் எல்லையில் காவல் நிற்கும் உங்கள் முன்னால், அந்த வீரன் உயிரோடு வந்து நிற்கிறான். காலில் காயம். ஊருக்குள் வர மாட்டேன் என்கிறான்.

தோழனுக்குத் தன் பொய் வெளியே வரக் கூடாது. தாய்க்கு மகன் வேண்டும், ஆனால் ஓடிப்போனவனின் தாய் என்ற பெயர் வேண்டாம். போரில் இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் உண்டு, உதிரப்பட்டி என்பார்கள். ஊர்த்தலைவன் அந்த நிலத்தை ஏற்கெனவே அளந்து தாயிடம் கொடுத்துவிட்டான். வீரன் ஏன் திரும்பி வந்தான் என்பதை நான் எழுதி வைப்பதில்லை. ஆடுபவர்கள் அவனிடம் கேட்கும் முதல் கேள்வியிலிருந்து அது உருவாகும்.

முன்கூட்டி எவ்வளவு எழுதி வைக்கணும்?

ஒரு பக்கம். மூன்று மனிதர்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும். மூன்று இடங்கள். அப்புறம், யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் தானாக என்ன நடந்துகொண்டே போகும் என்பது. கடைசியாகச் சொன்னதுதான் ஆட்டத்துக்கு வேகம் கொடுக்கும்.

நடுகல் கதையில் அதற்குத் தொல்காப்பியம் உதவுகிறது. நடுகல் எடுப்பதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளை அது சொல்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பது, சடங்கோடு கொண்டுவரத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இந்த ஆறையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி நடுவில் வையுங்கள். சிக்கல் விழும்போதும், வெறுமனே நேரம் கடத்தும்போதும் ஒரு புளியங்கொட்டையை அடுத்த நிலைக்கு நகர்த்துங்கள். கொட்டை 'நடுதல்' மேல் போய் உட்கார்ந்துவிட்டால் ஊர்க் கணக்கில் அவன் இறந்தவன், அதற்கு அப்புறம் உயிரோடு வந்தாலும் யாரும் ஏற்க மாட்டார்கள். நீர்ப்படைக்குக் கொட்டை நகரும்போது குரல்கள் தாழ்ந்து, எல்லோரும் தாளை நோக்கிக் குனிவார்கள். கதை எப்படி முடியும் என்று ஒரு வரிகூட எழுதாமல் கிடைக்கும் பரபரப்பு அது.

முதல் பத்து நிமிஷம் என்ன பேசறது? அங்கதான் எனக்கு நாக்கு ஒட்டிக்குது.

உலக வரலாறு சொல்லாதீர்கள். அந்த நாட்டின் அரசன் யார், அவன் அப்பா யார் என்று ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் கண்கள் நழுவிவிடும். ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும் இடத்தில் நேராக இறக்கிவிடுங்கள். "நடுச்சாமம். தீப்பந்தம் அணையப் போகிறது. புதருக்குப் பின்னால் யாரோ நொண்டி நடக்கும் சத்தம்." அவ்வளவுதான். அப்புறம் ஒருவர் பெயரைச் சொல்லி, "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள்.

"எல்லாரும் என்ன செய்யறீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ஒருவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். பதில் வந்ததும் அதை வைத்து ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

எல்லாரும் வெட்கப்பட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க அண்ணா. நடிக்கச் சொன்னா சிரிக்கறாங்க.

நடிக்கச் சொல்லாதீர்கள். "நான் அவன்கிட்ட கோபமா கேக்கறேன்" என்று சொன்னாலே போதும், கோபமாகக் கேட்டுக் காட்ட வேண்டியதில்லை. குரல் மாற்றுவது, வசனம் பேசுவது எல்லாம் விருப்பப்பட்டவர்களுக்கு. சிரிப்பதையும் தடுக்காதீர்கள். வெட்கம் போகும் வழியே அதுதான்.

ரொம்பவும் தயங்குபவருக்கு இரண்டு வழி காட்டிக் கேளுங்கள்: "அவனை உள்ளே கூட்டிட்டு வர்றீங்களா, இல்ல முதல்ல அவங்க அம்மாவுக்குச் சொல்லி அனுப்பறீங்களா?" இரண்டில் ஒன்றைச் சொல்வார். மூன்றாவது முறை கேட்கும்போது அவரே இரண்டும் வேண்டாம் என்று வேறொன்றைச் சொல்வார். அந்த மூன்றாவது பதிலுக்குக் கதையில் பெரிய இடம் கொடுங்கள்.

தமிழ்லயே நடத்தலாமா? ஹோசூர் பசங்க பாதிப் பேர் தெலுங்கு, கன்னடம் பேசறவங்க.

நாலு பேருக்கும் எது சரளமோ அதில். ஹோசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே வீட்டுக்குள் மூன்று மொழி புழங்கும். ஆட்டத்தில் மட்டும் ஒன்றையே பிடித்துக்கொள்ள அவசியம் இல்லை. ஒருவர் தன் கதாபாத்திரத்தைத் தெலுங்கில் பேச வைக்க, மற்றவர்கள் தமிழில் பதில் சொல்லலாம். எல்லைப்புறக் கதைக்கு அது அழகாகவே பொருந்தும். ஆங்கில விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு நடத்துபவர்கள் கதை சொல்லும்போதும் ஆங்கிலத்துக்கு நழுவிவிடுகிறார்கள். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தயங்குபவர், கதையில் சொல்ல ஒன்றும் இல்லாதவர் போலத் தெரிய ஆரம்பித்துவிடுவார்.

எப்ப டைஸ் உருட்டச் சொல்லணும்? கதவைத் திறக்கறதுக்கெல்லாம் உருட்டணுமா?

வேண்டாம். நடக்குமா என்பது உண்மையிலேயே சந்தேகமாக இருக்க வேண்டும், நடக்காவிட்டாலும் கதை சுவாரசியமாகப் போக வேண்டும். இரண்டும் இருந்தால் உருட்டுங்கள். கதவு திறக்காவிட்டால் எல்லோரும் சும்மா நிற்கப்போகிறார்கள் என்றால், கதவு திறந்துகொள்ளட்டும்.

உருட்டும் முன் எதற்காக உருட்டுகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "விழுந்தா அவன் நம்புவான். விழலன்னா சத்தம் போட்டுடுவான், ஊரே எழுந்துக்கும். உருட்டலாமா?" சிலர் அப்போது பின்வாங்கி வேறு வழி யோசிப்பார்கள், அதுவும் நல்லதுதான். விழுந்த எண்ணை நீங்கள் மறைக்கவோ மாற்றவோ கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறை மாற்றியதை யாராவது கவனித்துவிட்டால், அதன் பிறகு எந்த உருட்டலுக்கும் மதிப்பு இருக்காது. முடிவு தாங்க முடியாததாக இருக்குமென்றால் உருட்டவே விடாதீர்கள்.

முக்கியமான துப்பைக் கண்டுபிடிக்காம விட்டுட்டாங்க. கதை அப்படியே நின்னுடுச்சு.

தெரிந்தே ஆக வேண்டிய விஷயத்தை ஒரே இடத்தில் ஒளித்து வைக்காதீர்கள். மூன்று வழியிலாவது அது வெளியே வர வேண்டும். தோழன் பொய் சொன்னான் என்பது தெரிய வேண்டுமா? அவன் வாளில் ரத்தக்கறை இல்லை. அவன் சொன்ன இடமும், வீரன் செருப்பில் ஒட்டியிருக்கும் மண்ணும் ஒத்துவரவில்லை. மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் தோழனைக் காட்டில் தனியாகப் பார்த்திருக்கிறான். ஒன்றைத் தவறவிடுவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். அப்புறம், துப்பைத் தேடிச் சரியான இடத்துக்கு வந்துவிட்டவரிடம் பகடை கேட்காதீர்கள். கொடுத்துவிடுங்கள்.

நான் யோசிச்சு வெச்ச கதைய விட்டுட்டு வேற எங்கயோ போறாங்க. எப்படி இழுத்துட்டு வர்றது?

இழுக்க வேண்டாம். ஒரு பக்கம் எழுதும் கேள்வியில் சொன்னபடி மனிதர்களையும் அவர்களுக்கு வேண்டியதையும் மட்டும் எழுதி வைத்திருந்தால், அவர்கள் எந்தப் பக்கம் போனாலும் அது உங்கள் கதைதான். ஒருமுறை நடுகல் கதையில் எல்லோரும் சேர்ந்து வீரனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கே போய்விட்டார்கள், ஆநிரை கவர்ந்தவர்களின் ஊர். அங்கே என்ன இருக்கிறது என்று என்னிடம் எதுவும் இல்லை. அங்கேயும் ஒரு நடுகல்லுக்குத் தயாராகிறார்கள் என்றேன். அதற்கு அப்புறம் அரை மணி நேரம் நான் பேசவே தேவைப்படவில்லை.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால் டீ குடிக்கப் போங்கள். ஐந்து நிமிடத்தில், தாளில் இருக்கும் மூன்று பேரும் இந்தச் செய்தி கேட்டு என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

ஒருத்தரே எல்லாத்தையும் பேசறாரு. மத்தவங்க வாயே திறக்கறதில்ல.

அதிகம் பேசுபவர் பெரும்பாலும் ஆர்வத்தில்தான் பேசுகிறார், அவரை அடக்க வேண்டாம். "நீங்க அதைச் செய்யறீங்க. அதே நேரத்துல..." என்று சொல்லிப் பார்வையை இன்னொருவர் பக்கம் திருப்புங்கள். பெயர் சொல்லிக் கேட்பது இங்கேயும் வேலை செய்யும். அவரது கதாபாத்திரத்தைத் தாயிடம் பேச அனுப்பிவிட்டு, வீரனிடம் மற்ற இருவரை மட்டும் நிறுத்துவதும் ஒரு வழி.

குழுவில் மூத்தவர் இருந்தால் விஷயம் வேறு. மாமா, பெரியப்பா முறை வருபவர் பேசும்போது சின்னவர்கள் தானாக அமைதியாகிவிடுவார்கள். அப்படிப்பட்ட குழுவில் சின்னவர்களின் கதாபாத்திரத்துக்கு ஊர்த்தலைவன், தூதுவன் மாதிரி அதிகாரம் உள்ள இடத்தைக் கொடுத்துவிடுங்கள். பெரியப்பாவே "தலைவரே, என்ன உத்தரவு?" என்று கேட்டு மகிழ்ச்சியாக ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேரக்டர் செத்துட்டா அவங்க மீதி நேரம் சும்மா உட்காரணுமா?

உட்கார வைக்கக் கூடாது. முதல் ஆட்டத்தில் சாவு சாத்தியமா என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடிவெடுங்கள். சாத்தியம் என்றால், இறந்தவர் உடனே கதையில் ஏற்கெனவே இருக்கும் இன்னொருவரை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தோழனையோ மாடு மேய்க்கும் சிறுவனையோ கொடுங்கள். எந்த வழியில் சாகிறார் என்பதை ஆடுபவரே சொல்லட்டும்.

சாதி, மதம், பொம்பளைங்க மேல கொடுமை, இதெல்லாம் கதைல வந்துட்டா என்ன பண்றது அக்கா?

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தன் குழுவில் நடத்தியபோது அவரிடம் வந்த கேள்வி. அவர் சொன்னதே என் பதிலும். ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எது கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் மேலோட்டமாகக் கடந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னும் சொல்லத் தயங்குவார்கள், அதனால் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. காரணம் கேட்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவிலும் நிறுத்த வழி வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் உருவாக்கிய எக்ஸ் கார்டு முறை உலகம் முழுக்கப் புழங்குகிறது. நடுவில் ஒரு அட்டை இருக்கும். யார் அதைத் தொட்டாலும், அப்போது வந்த விஷயத்தை விளக்கம் கேட்காமல் நீக்கிவிட்டுத் தொடர வேண்டும்.

சாதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அது பழங்கதை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நேற்று பட்டதாக இருக்கலாம். அதை வேடிக்கைக்காகக் கதையில் கொண்டுவருவதை நான் அனுமதிப்பதில்லை. பழைய காலக் கதை என்பதால் அப்படித்தான் இருக்கும் என்ற வாதத்தையும் ஏற்பதில்லை. அதைப் பற்றியே ஆட வேண்டும் என்று எல்லோரும் பேசி முடிவு செய்து, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த குழுவாகவும் இருந்தால் அது வேறு. முதல் நாள் வந்த புதியவர்களோடு வேண்டாம்.

வீட்ல பகடை உருட்டறதப் பார்த்துட்டு சூதாட்டம்ங்கறாங்க.

காசோ பந்தயமோ இல்லை என்று சொல்லுங்கள், ஆனால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. அறைக் கதவைச் சாத்தாமல் கூடத்திலோ திண்ணையிலோ ஆடுங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதமும் தாயமும் ஆடிய தலைமுறைதான் அது. பத்து நிமிடம் காதில் விழுந்தாலே என்னவென்று புரிந்துகொள்வார்கள். தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்டு வந்து, "அந்தம்மா நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்களா?" என்று கேட்ட பாட்டிகள் உண்டு.

முதல் வாரம் நல்லா போச்சு. ரெண்டாவது வாரம் பாதிப் பேர் வரல.

ஹோசூரில் ஷிஃப்ட் வேலை, தர்மபுரியில் கல்லூரித் தேர்வு, மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரித் தோப்பு வேலை. ஒரே ஐந்து பேர் வாரா வாரம் வருவார்கள் என்று எதிர்பார்த்துத் தொடர்கதை திட்டமிடாதீர்கள். ஒவ்வொரு ஆட்டமும் அன்றே முடியட்டும், முடிவில் கதாபாத்திரங்கள் எல்லாம் ஊர் திரும்பிவிடட்டும். அடுத்த முறை யார் வருகிறார்களோ அவர்கள்தான் அன்று கிளம்பியவர்கள். இரண்டு பேர் மட்டும் வந்தாலும் நடத்துங்கள். இரண்டு பேர் ஆட்டத்தில் பேச்சு ஆழமாகப் போகும்.

எல்லா ரூல்ஸும் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் புதுசா வர்றவங்கள திருத்திட்டே இருக்காரு. என்ன சொல்றது?

ஆட்டத்துக்கு முன் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவருக்கு வேலை கொடுங்கள்: விதி சந்தேகம் வந்தால் நீங்கள் அவரைப் பார்த்துக் கேட்பீர்கள், நீங்கள் கேட்காமல் அவர் சொல்ல வேண்டாம். பெரும்பாலானவர்கள் இதற்குச் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். புதியவர் ஒருவர் விதிப்படி முடியாத ஒன்றைச் சொன்னால், அதற்கு மிக நெருக்கமாக என்ன முடியும் என்பதை நீங்கள் உடனே சொல்லிவிடுங்கள், திருத்த இடமே வராது. இதற்குப் பிறகும் தொடர்ந்தால், புதியவர்கள் வரும் நாளில் அவரைக் கூப்பிடாமல் வேறொரு நாள் அவருக்கென்றே கடினமான ஆட்டம் ஒன்றை வையுங்கள்.

பத்து வயசுப் பசங்களோட நடத்தலாமா?

நடத்தலாம். ஒரு மணி நேரம் போதும். தாயக்கட்டை விதியை அப்படியே வைத்துக்கொண்டு சாவை எடுத்துவிடுங்கள். 3 விழுந்தால் பொருள் தொலையும், வழி தப்பும், யாராவது துரத்துவார்கள். அவர்கள் சண்டையைவிட விலங்குகளோடு பேசுவதையே அதிகம் கேட்பார்கள். தளி, அஞ்செட்டி காட்டில் கூட்டத்தைத் தொலைத்த யானைக்குட்டி ஒன்றைத் தாயிடம் கொண்டுசேர்க்கும் கதையை வைத்துப் பாருங்கள். யானைக்கு அவர்களே பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி நடுவில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.